பூப் போட்டதை மட்டும் சொன்னேன்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாடு சண்டையில் இருக்கிறது என்பதை டெக்சாஸில் உள்ள இந்தக் கேட்டி ஊரில் எங்கள் தெருவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கரண்ட் போவதில்லை, பாண் ரொட்டிக்கு வரிசை இல்லை, புல்வெட்டும் சத்தம் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் சண்டை எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. தன் வீட்டு விளக்கை அணைக்காமலே ஒரு நாடு இன்னொரு நாட்டில் சண்டை பிடிக்கலாம் என்பதை இங்கே வந்துதான் கண்டேன்.

இந்த வருடம் சித்திரைத் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு பார்பராவின் மகன் டைலர் ஈராக்குக்குப் புறப்பட்டான். அதற்கு முதல்நாள் என்னையும் மனைவி செல்வியையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சுவர்ப் படங்களில் பார்பராவின் தகப்பன் கொரியாவிலும், கணவர் வியட்நாமிலும் சீருடையோடு நின்றார்கள். “எங்கள் வீட்டு ஆண்கள் எப்போதும் உதவி செய்யத்தான் போனார்கள்” என்றார் பார்பரா. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே. அங்கே இவனை வரவேற்பார்களா?” என்று கேட்டார். நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று விளக்க என் இங்கிலீஷ் போதாது. கூச்சம் வேறு. “யெஸ். பிளவர்ஸ்” என்றேன். பயணம் புறப்படுகிறவன் முன்னால் கெட்ட சொல் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்.

சொன்னது பொய்யுமில்லை. எண்பத்தேழில் அமைதி காக்க என்று ஒரு பெரிய நாட்டின் படை எங்கள் ஊருக்கு வந்தபோது, நானே வாசலில் நிறைகுடம் வைத்து ஜீப்புக்குப் பூப் போட்டேன். இரண்டு மாதத்தில் அதே தெருவில் அந்தப் படையின் ஷெல் விழுந்தது. பால்மா வாங்கப் போன என் அண்ணர் திரும்பவில்லை. உதவ வந்தவர்களுக்கு நாங்கள் யாரென்றே தெரிந்திருக்கவில்லை.

சில கிழமைகள் கழித்து பார்பரா வேலிக்கு மேலால் சொன்னார்: “நீங்கள் சொன்னதை டைலருக்கு எழுதிவிட்டேன். சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம் பயப்படாமல் போ என்று.”

அதன்பிறகு பார்பராவைக் கண்டால் வேலிப்பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தேன்.

“ஏனப்பா இப்பிடி உத்தரிக்கிறியள்? போய் மிச்சத்தையும் சொல்லுங்கோவன்” என்றாள் செல்வி.

“என்னெண்டு சொல்லுறது? தாய் மனுசியெல்லே.”

“பூவெண்டு சொல்லேக்க மட்டும் வாய் நல்லா வந்தது.”

போனோம். நான் தமிழில் சொல்லச் சொல்லச் செல்வி இங்கிலீஷில் சொன்னாள். பார்பரா கோபிக்கவில்லை. “பூப் போட்டு எவ்வளவு காலத்துக்குப் பிறகு?” என்று மட்டும் கேட்டார்.

“இரண்டு மாதம்.”

அவர் விரல்விட்டு எண்ணினார். “அவன் போய் ஏழு வாரம்.” உடனே கடதாசி எடுத்து எழுத உட்கார்ந்தார்.

டைலர் இன்னும் வரவில்லை. அவன் உயிரோடு திரும்பவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். அவன் துவக்கோடு நுழைகிற வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் நேரக்கூடாது என்றும் அதே மூச்சில் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கேட்டி, டெக்சாஸ்
16 நவம்பர் 2003