அபு சயீதின் ரிவால்வருக்குப் பாலிஷ் போட்ட கதை

பாலிஷ் போடுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: வேலை நன்றாக அமைந்தால் யாரும் கவனிப்பதில்லை, கொஞ்சம் பிசகினால் வாசலில் நிற்பவனுக்கும் தெரிந்துவிடும். உப்புத்தாளோடு காலம் தள்ளுகிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். நான் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு தகரக் கொட்டகையில், கார் பம்பருக்குப் பளபளப்பேற்றும் பஃபிங் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் மேனேஜர் தாமஸ் சேட்டன் கூப்பிட்டு, உள்ளே ஏசி அறையில் அலங்காரச் சாமான் வேலை ஒன்று இருக்கிறது, சரியாக முடித்தால் அங்கேயே இருந்துகொள், சொதப்பினால் திரும்பவும் பம்பர்தான் என்றார்.

பெட்டி பிரித்தது

வேலை கொடுத்தவர் அபு சயீத், ரிட்டயர் ஆன உள்ளூர் அரபி. தோட்டா வருவதற்கு முன்னால், வெடிமருந்தைக் கெட்டித்துச் சுட்ட காலத்து ரிவால்வர் ஒன்றின் நகலை, உதிரி பாகங்களாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். குழலை அடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள், சுடாது. அனுமதியெல்லாம் அவரே முறைப்படி வாங்கியிருந்தார். விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில், சுவரில் மாட்டுவதற்காம்.

பெட்டியைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் பளபளவென்று ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது, வார்ப்புப் பிசிறு கூடப் போகாத பித்தளைச் சட்டம், சொரசொரவென்று ஓர் இரும்புக் குழல், மருந்தடைக்கும் உருளை, பிடிக்கு ஒரு மரக்கட்டை, ஒரு பிளாஸ்டிக் கவரில் திருகாணிகள். அபு சயீத் குழலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், மெதுவாகக் கீழே வைத்தார். இங்கே எல்லாருக்கும் பொதுவான அந்த ஹிந்தியில் சொன்னார்: "நான் ரிவால்வர் கேட்டேன், பாத்ரூம் குழாய் அனுப்பியிருக்கான்."

மரப்பிடி

மரப்பிடியைப் பித்தளைச் சட்டத்தில் பூட்டி, இரண்டையும் சேர்த்துத்தான் தேய்க்க வேண்டும். அப்போதுதான் விரலை ஓட்டினால் மரம் எங்கே முடிகிறது, பித்தளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எனக்கு அந்த முறை தெரியாமல் போயிற்று. மரத்தைத் தனியாக எடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஆசையாகத் தேய்த்தேன். பிறகு பூட்டிப் பார்த்தால், மரம் அளவுக்கு மேல் தேய்ந்து, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி சுற்றிலும் இடைவெளி.

பக்கத்துக் கடை தச்சர் குல் கான், பெஷாவர்க்காரர். அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல வால்நட் மரத்துண்டு ஒன்றைத் தேடியெடுத்து, புதுப்பிடி செதுக்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆளை நிக்க வெச்சு அளவெடுக்கணும் பாய், நீ ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டுச் சட்டை தைச்சிருக்கே."

வீடியோ கால்

பித்தளைச் சட்டம் ஒருவழியாகக் கண்ணாடி மாதிரி ஆனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து மனைவி செல்வி போனில் வந்தாள். பெருமை தாங்காமல் அதைத் தூக்கிக் காட்டினேன். முதலில் பயந்துபோய், "அங்க என்ன வேலைங்க பாக்குறீங்க?" என்றாள். சுடாது, சும்மா அலங்காரம், நாள் பூராவும் நான்தான் தேய்த்தேன் என்று விளக்கினேன்.

அவள் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு சாமி அறைக்குப் போனாள். குத்துவிளக்கைக் காட்டினாள். அது எந்த உலோகம் என்று சொல்ல முடியாத நிறத்தில் இருந்தது. "லீவுக்கு வந்தப்ப இதைத் தேய்ச்சுக் குடுங்கன்னதுக்குத் தோள்பட்டை வலின்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்றாள்.

நீலக்கறுப்பு

இரும்புக் குழலுக்கு நீலக்கறுப்பு ஏற்ற ஒரு திரவம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பிடிக்காது. அதனால் குழலைத் துடைத்துத் துடைத்து மாசு மருவில்லாமல் ஆக்கினேன். எல்லாம் சரியாயிற்று என்ற நிம்மதியில் தலையைச் சொறிந்தேன். தலையில் தேங்காயெண்ணெய். அதே கையால் குழலைத் தூக்கிப் பிடித்து அந்தத் திரவத்தைத் தடவினேன்.

குழல் முழுக்க மயில் கழுத்து மாதிரி அருமையான நிறம். நட்டநடுவில் மட்டும் என் கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, வெள்ளையாக. மறைப்பதற்குள் தாமஸ் சேட்டன் வந்துவிட்டார். எனக்குப் பம்பர் வாசனையே மூக்கில் ஏறிவிட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கைநாட்டு வெச்சாச்சு. இனி சாட்சிக் கையெழுத்து மாத்திரம் போதுமல்லோ, முருகேசா?" என்றார்.

பழசாக்கியது

எல்லாவற்றையும் சுரண்டி, கையுறை போட்டு மறுபடி நிறம் ஏற்றி, பாகங்களையெல்லாம் பூட்டி முடித்தேன். அபு சயீத் வந்தார். உருளையைச் சுழற்றி அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் அப்பாவிடம் இதேபோல ஒன்று இருந்ததாம். வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. தொலைத்தது அபு சயீத்தான் என்று அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல். பெருநாளுக்கு அண்ணன் வருகிறார். "அப்பாவோடது இப்படி மினுங்காது. கொஞ்சம் பழசாக்கிக் கொடு," என்றார். பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிற மனசோடு வினிகர் தடவிப் பித்தளையைக் கறுக்க வைத்தேன். விளிம்புகளில் நீலத்தைத் தேய்த்து எடுத்தேன்.

அதை அவர் வீட்டு மஜ்லிஸ் சுவரில் மாட்ட டிரில்லோடு என்னைத்தான் அனுப்பினார்கள். நான் ஏணியில் நிற்கும்போதே அண்ணன் வந்துவிட்டார். கைத்தடியைச் சாய்த்துவிட்டு, தம்பி கையிலிருந்து ரிவால்வரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பித்தளையின் கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். அபு சயீத் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு ஏணியை நிமிர்ந்து பார்த்து, எனக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில் சொன்னார்: "அப்பா இருந்திருந்தா இதை இப்படிக் கறுக்க விட்டது யாருன்னு கேட்டிருப்பார். எடுத்துட்டுப் போய் நல்லா பாலிஷ் போட்டுக் கொண்டு வா."

ஏசி அறை எனக்கே நிலைத்துவிட்டது என்றாலும், சுடாத ஒரு ரிவால்வரை முடிப்பதற்குள் ஒரு மனிதன் எத்தனை சுடுசொல் வாங்கலாம் என்பதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்றும் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.