சர்வர் அறைக்கு வெளியே

சங்கரன்கோவிலில் துண்டும் லுங்கியும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் நான் கணினி வேலை பார்த்தேன். நானும் இன்னொருத்தியும். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். அவளுக்கு ராயகிரிப் பக்கம், எனக்கு மேலநீலிதநல்லூர். மத்தியானம் ஒரே பெஞ்சில் சாப்பிடுவோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்போம். முதலாளியை எல்லோரையும் போல நாங்களும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே ஒரு நாளைத் தவிர அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரையாவது நோகடிக்க வேண்டுமென்றால் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அதற்குப் பிறகுதான் பேசுவார்.

எனக்கு வலிப்பு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. கடையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வர் அறையில். அப்போது அவள் மட்டும்தான் கூட இருந்தாள். கதவைச் சாத்தி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டாள். நனைந்திருந்த சேலையை மறைக்கத் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்ட்டி, பயப்படாத" என்றாள். வருடக்கணக்கில் சொல்லவும் இல்லை.

கடைக் கணக்கு முழுவதும் இருந்த அந்தச் சர்வருக்கு வயதாகிவிட்டது. அதில் ஓடிய மென்பொருளைச் செய்த கம்பெனி இனி அதைக் கவனிக்காது என்று திருநெல்வேலியிலிருந்து வரும் சர்வீஸ்காரர் சொன்னார்.

"இனிமே அப்டேட் வராது அண்ணாச்சி. ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் கிடையாது. எவனாவது உள்ள புகுந்து பில்லு, ஸ்டாக்கு, வரிக்கணக்கு எல்லாத்தையும் பூட்டிருவான். இப்பவே மாத்திக்கிடுங்க."

அவர் போனதும் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டீ வந்தது.

"புது மெஷின் வந்தா இங்கன ஒருத்தி போதும். எப்படி மாத்தணும்னு ரெண்டு பேரும் தனித்தனியா பிளான் போட்டுட்டு வாங்க. எவ பிளான் நல்லா இருக்கோ அவ இருக்கட்டும். குடிங்க, ஆறுது."

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள்தான் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே பிளானா குடுப்போம்ட்டி. என்ன செய்வாருன்னு பாப்போம்." எனக்கு அது பிடித்திருந்தது. நடந்துகொண்டே பேசி முடித்தோம். மாதக் கடைசியில் தொடக் கூடாது. பழைய கணக்கை இரண்டு இடத்தில் நகல் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். புதியது சரியாக ஓடும் வரை பழையதை அணைக்கக் கூடாது. கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆள் பக்கத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும்.

இரண்டு தாளையும் பார்த்த அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். கல்லாவில் இருந்தவரையும் குடோன் ஆட்களையும் உள்ளே கூப்பிட்டார். "வாங்கடே, பரீட்சை நடக்கு" என்றார். எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் தடங்கலில்லாமல் சொன்னேன். அவளுக்கு இரண்டு இடத்தில் வாய் குழறியது. ஆட்கள் சிரித்தார்கள்.

"சரி, ஞாயித்துக்கிழமை சர்வர் பக்கத்துல யாரு இருக்கது?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவளால முடியாது அண்ணாச்சி. அவளுக்கு வலிப்பு வரும். இந்த சர்வர் ரூம்லயே விழுந்திருக்கா. கணக்கு பாதி ஏறிக்கிட்டு இருக்கும்போது விழுந்துட்டான்னா யாரு பாக்கது?"

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நெசமாம்மா? இத்தன வருசமா எங்களுக்கெல்லாம் உன் கையால டீ ஊத்திக் குடுத்திருக்கியே. ஒட்டிக்கிடாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். குடோன்காரர் ஒருவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். "எதுக்கும் கையில இரும்பு இருக்கட்டும்மா" என்றார். மறுபடியும் சிரிப்பு. நான் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கேட்டேன். மறைக்காமல் பதில் சொன்னாள்: "எம் புருசனுக்கு வேலை போயிட்டு. உனக்கு உம் புருசன் சம்பாத்தியம் இருக்குல்லா." சொல்லிவிட்டு, எப்போதும் போலத் தன் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்தாள். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "வாய்ல நீ சொன்னதுதான் தெளிவா இருந்துச்சு. ஆனா நீ உள்ள போவாத. அவ செய்யட்டும். நீ வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்லிக் குடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். குரல் கேட்பதற்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். நகலைத் திறந்து பார்த்தபோது அந்த வருடக் கணக்கு ஒன்றைக்கூடக் காணவில்லை. அவளுக்கு வேர்த்தது. அண்ணாச்சி அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். கழுதை என்றார், எவன் உனக்கு வேலை கொடுத்தான் என்றார். அந்த வருடத்துக் கணக்கை நாங்கள் வேறொரு இடத்தில் போட்டு வைத்திருந்தோம். பதற்றத்தில் அவளுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இதமாக இருந்தது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.

வேலை நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை காலையில் பில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பதினொரு மணி வாக்கில் எனக்கு மட்டும் ஒரு டீ வந்தது. அண்ணாச்சி பேசத் தொடங்குவதற்கு முன்பே நான் பையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு கடையில் வேலை கேட்டுப் போனபோது, வலிப்பு இருப்பதை நானாகவே சொன்னேன். யோசித்துச் சொல்லுகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை. அதற்கடுத்து திருவேங்கடத்தில் ஒரு உரக்கடை. அங்கே சொல்லவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

போன மாதம் வரித் தாக்கல் விஷயமாக, உரக்கடையில் கூட வேலை பார்க்கும் பெண்ணும் நானும் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தோம். திரும்புவதற்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். வந்த வேகத்தில் என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

"எப்படிட்டி இருக்க? உடம்பு எப்படி இருக்கு? மாத்திரையெல்லாம் ஒழுங்கா..."

என்னோடு வந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்கா நீங்க?" என்றேன். "ஆள் மாறிப் பேசுதீங்க."

அவள் பிடி தளர்ந்தது. "ஏட்டி, நான்தான்..." என்றாள்.

"தெரியலையே" என்று கையை உருவிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கூட வந்தவள் கேட்டாள், "யாருக்கா அது? மாத்திரைன்னு என்னமோ சொன்னாவளே."

"பாவம், மனசு சரியில்லாத பொம்பள போலிருக்கு" என்றேன்.

சன்னலுக்கு வெளியே அவள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பஸ் திரும்பும் வரை நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.