சுவர் பேசாத இடம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் மைக்செட்தான். கூட்டம், கல்யாணம், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் மைக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளும் வாடகைக்குக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியே போனை எடுத்தால், "மைக்செட் வெளிய போயிருக்காரே" என்றுதான் சொல்வாள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் நட்ட நடுவில் போய் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பார். தட்டிய சத்தம் எந்த மூலையிலிருந்து, எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் பெட்டிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்வார். சத்தம் பத்தவில்லை, கூட்டு என்று யாராவது நச்சரித்தால் அவரிடம் ஒரே பதில்தான்.

"சார், இந்த ஹால்ல சுவரு பேசும். நாம கூட்டினா அதுவும் கூட்டும். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் புரியாது."

"முதல்முதலா எங்க வீட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான் தட்டினாரு. யாரோ கூப்பிடுறாங்கன்னு எங்கப்பா குளிச்சிட்டிருந்தவரு ஈரத்தோட ஓடி வந்தாரு" என்று மனைவி இன்னமும் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். சிட்டு என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விளையாட்டுப் புத்தி என்று நினைத்து மூன்று வயதுவரை விட்டுவிட்டார்கள். பிறகுதான் டாக்டர் சொன்னார், இரண்டு காதிலும் கேட்கும் சக்தி பாதிக்குமேல் இல்லை என்று. சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் வீட்டில் சத்தம் கேட்காத பிள்ளை. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் அழுத அழுகையை மனைவி தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

இப்போது சிட்டுவின் இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரைக்கொட்டை அளவில் மெஷின் இருக்கிறது. வீட்டில் அம்மா சமையலறையிலிருந்து பேசினால் பதில் சொல்லிவிடுவாள். வாயாடி வேறு. ஆனால் மெஷினுக்கு ஒரு குறை உண்டு. நல்ல காது வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. தட்டு விழுவதும் நாற்காலி இழுபடுவதும் தோழி கூப்பிடுவதும் ஒன்றாகவே உள்ளே வந்து கொட்டும்.

போன வருஷம் ஆறாவது பிறந்தநாளை ஒரு ஓட்டல் மாடி ஹாலில் வைத்தார்கள். வழுவழுப்பான தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மகளுக்கு எல்லாம் நன்றாகக் கேட்க வேண்டுமே என்ற ஆசையில் மைக்செட் தன்னிடமிருந்த பெரிய பெட்டிகள் நான்கையும் நான்கு மூலையில் நிறுத்தினார். பாட்டு, மைக்கில் வாழ்த்து, எழுபது பேர். கேக் வெட்டக் கூப்பிட்டபோது பிறந்தநாள் பெண்ணைக் காணோம். மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மெஷினையும் கழற்றி ஃபிராக் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். இழுத்துக்கொண்டு வந்து கத்தியைக் கையில் கொடுத்தார்கள். போட்டோ எல்லாவற்றிலும் அழுத முகம். "ஒத்தப் பிள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். மைக்செட்டும் அப்படித்தான் நம்பினார்.

இந்த வருஷம், பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்னால், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சிட்டு சொன்னாள்: "எனக்கு பர்த்டே வேணாம்மா."

"ஏன்டி செல்லம்? உன் கிளாஸ் பசங்க எல்லாம் வருவாங்களே?"

"வருவாங்க. ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியாது. எல்லாரும் ஒண்ணாப் பேசுறாங்க. செவுரும் பேசுது. அவங்க சிரிச்சா நானும் சும்மாச் சிரிக்கணும்."

பக்கத்தில் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்த மைக்செட்டின் கை நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் எல்லாருக்கும் எடுத்துச் சொன்ன விஷயம்! பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் அது எப்படி மறந்தது? கேட்காத காதுக்குச் சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நினைத்து, எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத தப்பை அல்லவா செய்திருக்கிறார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"மத்தவங்க பேச்சு அவளுக்குக் கேக்குற மாதிரி ஒரு இடம் பாக்குறேன். பர்த்டே உண்டு" என்று மனைவியிடம் சொன்னார்.

"நம்ம வீட்டுலயே வச்சா என்னங்க?"

இருவரும் வீட்டைப் பார்த்தார்கள். கூடத்தில் பாதி ஸ்பீக்கர் பெட்டி. சாப்பிடுவதே ஒரு பெட்டியின் மேல்தான். எட்டுப் பிள்ளைகள் வந்தால் நான்கு பேர் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும்.

மறுநாளிலிருந்து மைக்செட் இடம் பார்க்கக் கிளம்பினார். பெரிய வணிக வளாகத்தில் குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்று. உள்ளே போய்க் கை தட்டினார். ஊழியர் ஒருவர் ஓடி வந்து, "தண்ணி வேணுமா சார்?" என்றார். கூரையிலிருந்து பாட்டு இடைவிடாமல் கொட்டியது. அதை ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டார்.

"அது எங்க கையில இல்ல சார், மேலேர்ந்து வருது" என்றார் மேனேஜர், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பொது அறையில் தட்டினார். ஒன்று தட்டியதற்கு நான்கு திரும்பி வந்தது. பூங்காவில் சுவரே இல்லை. ஆனால் காற்று இருந்தது. காற்று மெஷினில் அடித்தால் காதுக்குள் புயல் வீசுவதுபோல் இருக்கும் என்று சிட்டுவே சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் பதினோரு இடத்தில் கை தட்டிவிட்டார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் மனைவியின் அக்கா ஒரு வேலை செய்திருந்தாள். சிட்டுவின் பெரியம்மா. பாசக்காரிதான், ஆனால் எதையும் நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் அவளுக்கு. போன வருஷத்து ஓட்டல் ஹாலையே இந்த வருஷமும் பேசிவைத்துவிட்டு, சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் அலைய வேணாம் தம்பி. நான் எல்லாம் முடிச்சிட்டேன். இந்தத் தடவை மேஜிக் ஷோவும் இருக்கு" என்றாள் போனில். மைக்செட் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மெத்தைக்கடைக்காரர் கூப்பிட்டார். தள்ளுபடி அறிவிக்க வாடகைக்கு எடுத்த மைக் கரகரவென்கிறதாம். போய்ச் சரிசெய்தார். மாடியில் இருக்கும் இன்னொரு பெட்டியையும் பார்த்துவிடலாம் என்று ஏறினார்.

மாடி முழுக்க மெத்தைகள். நிறுத்தியவை, படுக்க வைத்தவை, ஆள் உயரத்துக்கு அடுக்கியவை. ஒரு மூலையில் தலையணைக் குவியல். சுவரே தெரியாமல் நான்கு பக்கமும் திரைச்சீலைத் துணிகள் தொங்கின. மைக்செட் பழக்க தோஷத்தில் நடுவில் நின்று கை தட்டினார்.

சத்தம் போனது, திரும்பி வரவே இல்லை.

இன்னொரு தடவை தட்டினார். கிணற்றில் போட்ட கல்தான். மூன்றாவது தடவை தட்டும்போது கடைக்காரர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார்.

"என்ன மைக்செட், ஆளில்லாத இடத்துல யாரைப் பாராட்டுறே?"

"உங்க மெத்தையைத்தான். உங்களுக்கு வார லீவு என்னைக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "எட்டுப் பிள்ளைங்க, கேக்கு, கிரீமு! வெள்ளை மெத்தைப்பா. நான் வியாபாரம் பண்றதா வேணாமா?"

"கேக்கைக் கீழ கடையிலயே வெட்டிடுவோம். கையைக் கழுவி, காலைத் தொடச்சு, ஒவ்வொரு பிள்ளையா நானே மேல அனுப்புறேன்."

"ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போயிட்டா?"

"அந்த மெத்தையை நான் வாங்கிக்கிறேன். எங்க வீட்டுல பெட்டி மேல போட்டுக்கிறோம்."

கடைக்காரர் தாடையைத் தேய்த்தார். "உன் பொண்ணுக்கு இங்க கேக்குமான்னு எப்படிச் சொல்றே? முதல்ல கூட்டிட்டு வா. அவ சரின்னா சாவி தரேன்."

அன்று சாயங்காலமே பள்ளிச் சீருடையோடு சிட்டுவைக் கூட்டி வந்தார். தலையணைக் குவியலுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டு, எதிர்க்கோடிக்குப் போனார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி. அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு, திரைச்சீலையைப் பார்த்து நின்றார். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சாதாரணக் குரலில் சொன்னார்.

"போன வருஷம் அப்பா பண்ணது தப்பு."

பின்னாலிருந்து சத்தமே இல்லை. கேட்கவில்லையா? இதுவும் இல்லையென்றால் வேறு எங்கே போவது?

"தெரியும்பா" என்றது குரல். "நாலு பெட்டி வச்சே. ரெண்டு போதும்னு அம்மா அப்பவே சொன்னாங்க."

மைக்செட் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் சிட்டு தலையணைக் குவியலில் தலைகீழாகக் கிடந்தாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் பெரியம்மா வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டாள். "மெத்தைக்கடையிலயா? வர்றவங்க உக்காந்ததும் தூங்கிடுவாங்க! அடுத்த வருஷம் எங்க, பாத்திரக்கடையிலயா?"

"ஐயையோ, அங்க எதிரொலிக்கும்" என்றார் மைக்செட், உண்மையிலேயே யோசித்து.

"கேலி பண்றீங்களா தம்பி? நான் சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அக்கா, நீ பேசின ஹால்ல எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. பிறந்தநாள்காரி மட்டும் மேஜைக்கு அடியில இருப்பா. உனக்கு எது வேணும், சொல்லு."

பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தார்கள்.

கடையின் விடுமுறை நாளில் கொண்டாட்டம். மதியம் மூன்று மணி. எட்டுத் தோழர் தோழிகள், இரண்டு மூன்று அம்மாக்கள். மைக் இல்லை, பெட்டி இல்லை. ஒயர் சுற்ற ஒன்றுமில்லாமல் மைக்செட்டுக்குக் கை என்னவோ போலிருந்தது. கீழே கேக் வெட்டினார்கள். அப்போது வாசலில் பெரியம்மா, பட்டுப்புடவையும் கடுகடுத்த முகமுமாக, கையில் பரிசுப் பொட்டலத்தோடு.

"பிள்ளை முகத்துக்காக வந்தேன். வேற ஒண்ணுமில்ல" என்று அறிவித்துவிட்டு மாடியேறி, கௌரவமாக ஒரு ஸ்பிரிங் மெத்தையில் உட்கார்ந்தாள். அது அவளை இடுப்புவரை விழுங்கிவிட்டது. பிள்ளைகள் கெக்கலி கொட்டின. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தின, குதித்தன, தலையணையால் அடித்துக்கொண்டன. மைக்செட் படிக்கட்டுப் பக்கம் நின்று மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிட்டுவின் கை காதுக்குப் போனது.

அவர் ஓரடி எடுத்து வைத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சிட்டு, மெஷின்மேல் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். பிறகு பக்கத்திலிருந்த தோழியிடம் சாய்ந்தாள். வகுப்பில் எப்போதும் இவளிடம் தொண்டை கிழியப் பேசிப் பழகியவள் அந்தத் தோழி. இப்போதும் ஏதோ ரகசியத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏன்டி கத்துறே?" என்றாள் சிட்டு. "மெதுவாச் சொல்லு. எனக்குக் கேக்குது."

தோழி குரலைத் தாழ்த்தினாள். அவள் என்ன சொன்னாள் என்பது, படிக்கட்டுப் பக்கம் நின்ற மைக்செட்டுக்குக் கேட்கவே இல்லை.