வளையல் கவிதாவுக்கு, கேசரி மாப்பிள்ளைக்கு

ஞாயிறு காலை பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் வேலை பார்க்கும் வார்டிலிருந்து அழைத்தார்கள். ரோஸலின் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். மீனைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரோடு வேலை செய்தவர்களுக்கும், அவர் பேச்சைக் கேட்டுச் சோற்றைக் குறைத்துக்கொண்ட பினாங்குத் தாய்மார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். நான் பச்சிளம் குழந்தைகள் வார்டில் தாதி. கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறிய பெண்களை முதலில் அவர் பார்ப்பார். பிள்ளை பிறந்தபின் நான் பார்ப்பேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குக் கோபமே வராததில் எனக்கு இன்னும் கோபம்.

ஜுருவில் தொழிற்சாலை வேலை பார்த்த கவிதா, பல வருடம் காத்திருந்து இரட்டைப் பிள்ளை உண்டானவள். கிளினிக்குக்கு வரும் நாளில் அவள் சர்க்கரை அளவு அழகாக இருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையோ வேறு கதை சொன்னது. சோதனைக்கு முன் பட்டினி கிடப்பாள். மற்ற நாளில் மூன்று பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று வீட்டில் ஊட்டுவதை எல்லாம் விழுங்குவாள். அன்று அக்காவின் அறையில் இருந்த நான் திட்டத் தயாரானேன். அக்காவோ வளைகாப்பு என்றைக்கு என்று விசாரித்தார்.

வளைகாப்பில் ஒவ்வொரு பெண்ணும் வளையல் போட்டு இனிப்பு ஊட்ட வேண்டும். நாங்கள் இருவரும் போனபோது கூடம் நிறையப் பெண்கள். அக்கா கவிதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். “வளையல் இவளுக்கு, கேசரி மாப்பிள்ளைக்கு லா. அவரும் கொஞ்சம் சுமக்கட்டும்” என்றார். சர்ச்சுக்குப் போகிறவருக்கு நம் சடங்கு என்ன தெரியும் என்று மாமியார் முணுமுணுத்தார். பேரப்பிள்ளைகளின் உடம்பு பற்றி அக்கா காதோரம் ஏதோ சொன்னதும், முதல் கரண்டியை மாமியாரே மகன் வாயில் திணித்தார். கவிதா சுண்டலைக் கொறித்தபடி சிரித்தாள். அதற்குப்பின் வீட்டில் விரல் குத்திப் பார்த்த அளவை, நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் சொன்னாள்.

பெண் குழந்தைகள் இரண்டும் கொஞ்சம் முன்னதாகவே பிறந்தன. இளையவளுக்குச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, கைகால் நடுங்கியது. பால் புகட்டியும் ஏறவில்லை, குளுக்கோஸ் ஏற்றினோம். சக்கர நாற்காலியில் வந்த கவிதா கேட்டாள்: “எனக்குத்தானே சிஸ்டர் சுகர் கூட? பிள்ளைக்கு எப்படிக் குறைஞ்சுச்சு? நான் பட்டினி கிடந்ததாலயா?”

தாயின் சர்க்கரைக்குப் பழகிய சின்ன உடம்பு, தொப்புள்கொடி அறுந்ததும் தடுமாறும், குறைமாதம் என்றால் இன்னும் தடுமாறும் என்று நான் பாடம் எடுத்தேன். அழுதுகொண்டிருந்த அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அவளைப் பார்க்க வந்த அக்கா, கை கழுவ வைத்துக் குழந்தையின் அருகே அழைத்து வந்தார்.

“பயந்துட்டே மா, அவ்வளவுதான். பிள்ளை உன்னைத் தேடுது. கைய வை.”

வைத்தாள். சர்க்கரை நிலைக்க மறுநாள் ஆனது. கவிதாவின் அழுகை அப்போதே நின்றது.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள், வேறோர் இரட்டைப்பிள்ளைத் தாய் என் வார்டு வாசலில் நின்று, என்னாலதானா சிஸ்டர் என்று கேட்டாள். விளக்கத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, முதலில் அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் மேல் வைத்தேன். அவள் அமைதியாகிவிட்டாள். நான்தான் அழுதுவிட்டேன், அக்கா.