வெயில் வந்த வாசல்

கடலூரிலிருந்து கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, என் கணவரும் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், ஊர் முடியும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கினோம். முன்னால் அகலமான வாசல். காம்பவுண்டு ஓரத்தில், பாதி உள்ளேயும் பாதி ரோட்டிலுமாக ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம்.

அந்த வாசலைத் தன் கடலூர் வீட்டு வாசல் மாதிரியே ஆக்க வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். லாரியில் வெள்ளை மணல் கொண்டுவந்து நடைபாதை போட்டார். இரண்டு பக்கமும் பெரணி, குரோட்டன்ஸ். மரத்தின்மேல் வெற்றிலைக் கொடி ஏற்றினார். கடலூரில் காற்றிலேயே ஈரம் உண்டு. இங்கே அனல் அடிக்கும். மரத்து நிழல்தான் அந்தச் செடிகளைக் காப்பாற்றியது.

வந்த இரண்டாம் கோடையில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் கடலூருக்கே வந்துவிடச் சொன்னார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்தேன். பகல் முழுக்க யார் யாருடைய குரலையோ யார் யாருக்கோ இணைத்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால், அடுத்த நாள் காலைவரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வாசலில் அவர் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஒரு தொட்டியைக்கூட நான் நகர்த்தவில்லை.

அப்போதுதான் இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் தொடங்கியது. ஊர் ஊராக மரங்களை வெட்டிப் போட்டு ரோட்டை மறித்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாக எக்ஸ்சேஞ்சில் பேசிக்கொண்டோம். ஒரு காலையில் என் வீட்டு வாசலிலும் கோடாலிகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவரை எனக்குத் தெரியும். எங்கள் செடிகளுக்கு மாட்டுவண்டியில் எரு கொண்டுவந்து போடுகிறவர்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. ரோட்ட மறிக்கணும். இந்தப் பக்கம் வேற பெரிய மரம் இல்ல" என்றார்.

"இது என் வீட்டு மரம்ப்பா."

"பாதி ரோட்டுலதாங்க்கா கீது."

"நிழல் போனா செடியெல்லாம் செத்துப்போயிடும். அவர் வெச்ச செடி."

எருக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "தெரியும்க்கா. நான்தான எரு போட்டேன். ஆனா எங்க பசங்க படிச்சிட்டு சும்மா குந்திக்கினு கீறானுங்க. வாயால கேட்டா யாரு காது குடுக்கறாங்க? பஸ்சு நின்னாத்தான் இன்னான்னு திரும்பிப் பாக்கறாங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்டும் சத்தம் மத்தியானம்வரை கேட்டது. மரம் விழுந்தபோது சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதன் கிளைகள் என் கேட்டை அடைத்துக்கொண்டன. பஸ் இல்லை. கம்பிகள் அறுந்து டெலிபோனும் செத்துவிட்டது. கடலூரிலிருந்து யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். லைன் சரியானதும் எக்ஸ்சேஞ்சில் விசாரித்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

போலீஸ் வந்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். மரத்தை அறுத்து ஓரம் தள்ளினார்கள். விறகுக்காக அக்கம்பக்கத்தார் அள்ளிப் போனார்கள். அதன் பிறகு வாசலில் வெயில் இறங்கியது. மணலைப் பார்த்தால் கண் கூசியது. வாளி வாளியாக ஊற்றியும் பெரணி கருகிச் சுருண்டது. குரோட்டன்ஸ் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றது. ஐப்பசி மழை வரும்வரை காய்ந்த குச்சிகளுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்க ஆள் இல்லாததால் அது எனக்கு விநோதமாகப் படவில்லை.

மழை விட்ட பிறகு எருக்காரர் வந்தார். இளைத்திருந்தார். வண்டியில் கோமுகி அணைப் பக்கத்து வண்டல் மண்.

"எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"கடலூரு ஜெயில்லக்கா."

என் ஊர். "கடல் சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லக்கா. செவுருதான் தெரிஞ்சிது. சாயந்திரத்துல காத்து மட்டும் ஒரு மாதிரி பிசுபிசுன்னு வரும்."

அந்தக் காற்றை எனக்குத் தெரியும். சட்டென்று அழுகை வந்தது. நான் மரத்துக்காகத்தான் அழுகிறேன் என்று அவர் நினைத்து, வண்டலைக் கொட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அந்த வாரமே குச்சிகளைப் பிடுங்கிப் போட்டேன். மணலை வாரி மதில் ஓரமாகக் குவித்தேன். தெருப் பூனைகள் வந்து அதில் படுத்துக்கொண்டன. நடைபாதையை நேராகப் போடாமல் சமையலறை ஜன்னல் பக்கமாக வளைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ரோட்டில் போகிற மனிதர்கள் தெரிவார்கள். வெயில் தாங்கும் செடிகளாக வைத்தேன்: அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, நடைபாதை ஓரம் பட்டு ரோஜா. மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போனது. செய்வது சரியா என்று என் கணவரிடம் கேட்க நினைத்து, வேலைக்கு நடுவே நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்ததுண்டு.

அடுத்த வருஷம் வாசல் பூத்துக் கிடந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் பூஜைக்குச் செம்பருத்தி கேட்டு வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று நன்றி சொல்லிப் போனார்கள். உள்ளே வந்தவர் ஒருவர்தான், எதிர் வரிசையில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மனைவி. மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஒரு மருதாணிச் செடி கொண்டுவந்து தானே நட்டார். அது மதில் உயரம் வளர்ந்ததும், ஒரு பண்டிகைக்கு முன்னால் இலை பறிக்க வந்தார்.

அரைத்து எடுத்துக்கொண்டு சாயந்திரம் திரும்பவும் வந்தார். "கைய நீட்டுங்கக்கா."

"எனக்கு எதுக்கும்மா? நான் வெச்சிக்கக் கூடாது."

"யாரு சொன்னது? சூடு தணியறதுக்கு. ஜாஸ்தி வேணாம், கம்மியா வெக்கிறேன்."

வாசல் படியில் உட்கார்ந்து என் கைகளை ஒவ்வொன்றாகத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கை நடுவில் வட்டமாக அப்பி, விரல் நுனி ஒவ்வொன்றுக்கும் தொப்பி வைத்தார். கடை வியாபாரம், பெண்ணின் படிப்பு என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் சரியாகக் கேட்கவில்லை. என் கணவர் போன பிறகு யாரும் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை.

வேலை கிடக்கிறது என்று எழுந்து போனார். கேட்டைச் சாத்த மறந்துவிட்டார். இரண்டு கையிலும் மருதாணி இருந்ததால் என்னாலும் சாத்த முடியவில்லை. உள்ளங்கைகளை மேலே விரித்து வைத்துக்கொண்டு, அது காயும்வரை திறந்த கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.