ஒரு கீறல்கூட இல்லை

இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ஹெல்மெட் கடையில் வேலை. தம்பிக்கு அளவு பார்த்து அவளே ஒன்று பொறுக்கிக் கொடுத்திருந்தாள். விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தது. தலை கலையும் என்று அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தானாம்.

துக்கம் விசாரிக்க வந்த மாமா, "எல்லாம் விதிம்மா, நம்ம கையில என்ன இருக்கு," என்றார். அவள் அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்தால், அவருடைய ஹெல்மெட்டும் கண்ணாடியில் தொங்கியது.

"தலையில போடுங்க மாமா."

"அடுத்த தெருதானேம்மா."

உள்ளே போனவள் தம்பியின் ஹெல்மெட்டோடு திரும்பினாள்.

"அந்தப் பக்கக் கண்ணாடி சும்மாதானே இருக்கு. இதையும் மாட்டிக்குங்க. தொங்கிப் பழகினதுதான்."