ரிலீவ் பண்ணிடுறோம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய வாரமே மேலாளர் கூப்பிட்டார். குழந்தை சின்னது, ரயிலில் வந்து போவது கஷ்டம் என்றெல்லாம் எனக்காக இரக்கப்பட்டுவிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்கம்மா, இந்த மாசத்தோட ரிலீவ் பண்ணிடுறோம்" என்றார். யோசித்துச் சொல்வதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினோம் என்று ரயில் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அத்திப்பட்டு வீட்டில் மாமியார் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ரி லீவா? இப்பத்தான ஒரு லீவு முடிச்ச, திரும்பக் குடுக்குறானா? நல்லவனா கீறானே."

வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று விளக்கினேன். ஊட்டின கை அப்படியே நின்றது. "அத்தப் போயி லீவுன்னு சொல்லிக்கினு கீறானா?"

சிரித்துவிட்டேன். பிறகு சந்தேகம் வந்து செல்போனில் அகராதியைத் திறந்தேன். மாமியார் பாதி சரி. 'ரிலீவ்' லத்தீனிலிருந்து வந்த சொல்; அதில் 'ரி' என்றால் மறுபடி. மீதி 'லெவாரே': தூக்குவது, கனத்தைக் குறைப்பது. வலியைத் தணிப்பது, முற்றுகையில் சிக்கிய ஊரை மீட்பது, காவல்காரனை மாற்றிவிடுவது எல்லாம் அதிலிருந்து வந்தவை. பதவியைப் பறிப்பதற்கும் அதே சொல்தான். பாரத்தை இறக்கிவைப்பதுபோல! இந்த வேலை எனக்குப் பாரம் என்று யார் சொன்னது?

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். லத்தீன் பேசினால் திமிர் என்பார். அதனால் எங்கள் ஆலையில் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னேன்: அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அப்படி வருகிறவர்தான் ரிலீவர்.

"என் ரிலீவர் யாரு சார்?"

புதிதாக ஆள் எடுக்கவில்லை, இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

"அப்ப நான் ரிலீவ் ஆக மாட்டேன். எழுதியும் தர மாட்டேன். அனுப்பணும்னா காரணத்த நீங்க எழுதிக் குடுங்க சார்."

அவர் ஒன்றும் எழுதவில்லை. பிறகு பார்க்கலாம் என்றார். குரலை உயர்த்திவிட்டேனோ, மரியாதை குறைந்துவிட்டதோ என்று படியிறங்கும்போதே கவலை பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நின்றேன்.

கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டேன். உலையிலிருந்து சோதனைக்கு வந்த மாதிரித் துண்டு இன்னும் சூடாக இருந்தது. இடுக்கியால் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.